கல் கட்டாத புடலங்காய்

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் நத்தைக்குப் பியர் வார்க்கிறார். நான் கதை விடவில்லை. கோடை மழை பெய்து ஓய்ந்த பின்னேரங்களில் தயிர்க் கோப்பைகளை மண்மட்டத்துக்குப் புதைத்து, அரைவாசிக்குப் பியர் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தான் குடித்துக்கொண்டு கதிரையில் இருப்பார். காலையில் பார்த்தால் ஓடில்லாத நத்தைகள் கோப்பைக்குள் செத்து மிதக்கும். சலாது இலையை அரிக்க வந்தவை வாசத்துக்கு மயங்கி உள்ளே இறங்கிச் சாகின்றன. முதல் வருடம் இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு உயிரை அடித்துக் கொல்லாமல், பிடித்ததைக் காட்டிக் கூப்பிட்டுக் கொல்வது எனக்கு வேறு சில விசயங்களை ஞாபகப்படுத்தியது.

அவர் பெயர் கெஸ்லர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிட்டத்தட்ட என் வயதுதான். டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் சிறு நகரத்தில், ரயில் பாதையோரம் துண்டு துண்டாய்ப் பிரித்த தோட்டங்கள் வரிசையாய்க் கிடக்கின்றன. ஷ்ரேபர்கார்ட்டன் என்பார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கலாம். மண் நமதல்ல, விளைவது நமது. அதற்குச் சட்டம் ஒரு புத்தகம். மத்தியானம் சத்தம் போடக்கூடாது. வேலி இடுப்பு உயரத்துக்குமேல் வளரக்கூடாது. பாதையால் போகிறவர்களுக்கு உள்ளே தெரியவேண்டும். வருடத்தில் ஒரு நாள் தோட்டக்காரர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் அட்டையும் பேனையுமாய் வந்து ஒவ்வொரு தோட்டமாகப் பார்த்துப்போவார்கள். வேலியைப் பற்றிய சட்டத்தை மகள் தமிழில் சொல்லிக் காட்டியபோது, இதை நான் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டிருக்கிறேன் என்றேன். ஊரில் தோட்டத்துக்கு ஏதம்மா சட்டம் என்று அவள் நம்பவில்லை.

முதல் கோடையில் போஞ்சிக் கொடியில் கறுப்புப் பேன் மொய்த்தது. நான் ஊரில் செய்தபடி சாம்பல் தூவினேன். கெஸ்லர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு ஓடிவந்து எங்கே நெருப்புப் பிடித்தது என்று கேட்டார். நெருப்பில்லை, பூச்சிக்கு மருந்து என்றேன். என் ஜெர்மன் மொழி அவருக்கு எப்படி விளங்கியதோ, அடுத்த நாள் மருந்துக்கடையில் பூச்சிக்கடிக்குப் பூசும் களிம்பு ஒன்று வாங்கிவந்து தந்தார். அந்தக் களிம்போடு எங்கள் சிநேகிதம் தொடங்கியது. அவர் தோட்டத்து மூலையில் ஒரு பீப்பா இருக்கிறது. தொட்டால் கடிக்கும் ப்ரென்னெஸ்ஸல் செடியை இரண்டு கிழமை அதில் ஊறப்போட்டு, நாறப் பண்ணி, வடித்துத் தெளிப்பார். நான் உள்ளியும் செத்தல் மிளகாயும் அரைத்துச் சவர்க்காரத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பேன். இரண்டு பேரும் கடை நஞ்சு வாங்குவதில்லை. அவருக்கு அது கொள்கை. எனக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது. கடை மருந்து கிடைக்காத காலத்தில் பழகிய கை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் உப்புவெளியிலிருந்து இவருடைய தம்பி ரவி தொலைபேசி எடுப்பதும் இதைக் கேட்கத்தான். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இந்த வயதில் இனிப் பழகவும் முடியாது. "அண்ணி, கத்தரியில வெள்ளைப் பூச்சி, என்ன அடிக்கிறது?" என்பான் ரவி. வேப்பங்கொட்டையை இடித்து ஒரு நாள் ஊறவை, வடித்துப் பின்னேரத்தில் அடி, வெயிலில் அடித்தால் பலனில்லை என்பேன். மிளகாய் இலை சுருளுகிறது என்பான். சுருண்டதை முறித்து எரி, மற்றதுக்குப் புகையிலைக் காம்பு அவித்த தண்ணீர் என்பேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் இத்தனையும் சட்டிகளிலும் பழைய வாளிகளிலும் வளர்க்கிறான். காலடியில் அரை ஏக்கர் வளவு சும்மா கிடக்கிறது. நாங்கள் வெளிக்கிட்டபோது வீட்டை அவனிடம் விட்டோம். இரு, கூரையை மாற்று, கிணற்றை இறை, ஆனால் பின்வளவில் மட்டும் மண்வெட்டி போடாதே என்பது இவருடைய ஒரே நிபந்தனை. ஏன் என்று அவன் கேட்டுக் களைத்துவிட்டான். ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே கோயிலில் வேறு ஒரு கேள்வி. என் தோட்டத்துக் காயை வாங்கிப்போகிற பெண்கள், பாகலும் பயிற்றையும் நல்லாய் வருது, புடலங்காய் மட்டும் ஏன் ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருளுது, நுனியில் கல் கட்டுவதில்லையோ என்று கேட்பார்கள். மறந்துபோகும் என்று சொல்லிச் சிரித்துச் சமாளிப்பேன். மறதியாவது ஒன்றாவது. இந்தக் கட்டுரை அவர்களுக்கான பதில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். இவர் திருகோணமலைத் துறைமுகத்தில் இலிகிதர், எழுத்து வேலை. கழுத்தில் பாஸ் தொங்க, உப்புவெளியிலிருந்து சைக்கிளில் போய் வருவார். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். மகளுக்கு மூன்று வயது. பாதை பூட்டினால் மரக்கறி வராது, எப்போது பூட்டும் என்பதும் தெரியாது. ஆகவே நான் தோட்டம் வைத்தேன். உரம் என்று ஒன்றும் இல்லை. யூரியாவில் வெடி செய்யலாம் என்று அதற்குத் தடை. ஒரு பை வைத்திருந்தால் ஒரு பை நிறைய விளக்கம் சொல்லவேண்டும். மாட்டெருவும் சாம்பலும் வேம்பும்தான் எங்களுக்கு உரமும் மருந்தும். காயைக் குத்தும் ஈக்குச் சிரட்டையில் துளசியைக் கசக்கிக் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தொங்கவிடுவேன். ஈ அதற்குள் போய் விழும். குத்துப்பட்டு அழுகி விழுந்த காயை நிலத்தில் விடக்கூடாது, விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி அடுத்த பூவுக்கு ஈயாகி வரும். அப்படி விழுந்ததைப் பார்த்த இடத்தில் வாரியெடுத்து, கிணற்றடிச் சாம்பல் குழியில் ஆழப் புதைத்துவிடுவேன். அந்த விசயத்தில் நான் மிகவும் துப்புரவு. அந்தத் துப்புரவுதான் பிறகு எங்களைத் தின்றது.

ஒழுங்கை முகப்பில் இராணுவக் காவலரண் ஒன்று. அங்கிருந்து பார்வை மறைக்கிறது என்று எல்லா வேலியையும் இடுப்பு உயரத்துக்கு வெட்டச் சொன்னார்கள், வெட்டினோம். பூசணி இலையில் சிவப்பு வண்டு விழுந்தால் பனி காயுமுன் சாம்பல் தூவவேண்டும், அப்போதுதான் இலையில் ஒட்டும். இரவு ரோந்து போனவர்கள் திரும்பி வருகிற நேரமும் அதுதான். நான் சாம்பல் பேணியோடு குனிந்து நிற்பேன். வெட்டின வேலிக்கு அப்பால் அவர்கள் துவக்கோடு வரிசையாய்ப் போவார்கள். நிமிர்ந்தால் என்ன நினைப்பார்களோ, குனிந்தே இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொரு விடியலும் யோசித்திருக்கிறேன். கடைசியில் நிமிரவும் இல்லாமல் குனியவும் இல்லாமல் ஒரு நிலை பழகிக்கொண்டேன். இன்றைக்கும் என் இடுப்பு நோவுக்கு வைத்தியர் காரணம் தேடுகிறார்.

புடலை அந்த வருடம்தான் போட்டேன். பந்தல் முழுக்கக் காய். புடலங்காயை அதன்போக்கில் விட்டால் சுருண்டுபோகும். பிஞ்சாய் இருக்கும்போதே நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் பாரத்துக்கு நேராய் நீளும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால் உப்புவெளியில் கல்லுக்கு எங்கே போவது? வளவு முழுக்க மணல். வீதியோரம் சல்லிக்கல் கிடந்தது, உண்மைதான். அந்த நாட்களில் வீதியோரம் குனிந்து ஒரு பொருளைக் கையில் எடுக்கிற துணிவு யாருக்கு இருந்தது?

வீட்டில் செத்த பற்றரிகள் இருந்தன. மின்சாரம் இல்லாத பின்னேரங்களில் இவர் றேடியோவில் செய்தி கேட்பார். பெரிய பற்றரி, ஒரு தரத்துக்கு நாலு. வெடிக்கு அதுவும் வேண்டுமாம், கடைக்காரர் இரண்டு தரம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தருவார். தீர்ந்துபோன பற்றரி அதைவிடத் தொல்லை. அலுமாரியில் வைத்திருந்தால் எதற்குச் சேர்க்கிறாய் என்பார்கள். புதைத்தால் புது மண் காட்டிக்கொடுக்கும். வெளியே எறிந்தால் யாருடைய வாசலிலாவது கிடந்து அவர்களுக்கு வினையாகும். நான் யோசித்தேன். ஒளித்து வைத்தால்தானே குற்றம்? எல்லோரும் பார்க்கத் தொங்கவிட்டால் அது வெறும் பாரம்தானே? ஒவ்வொரு காயின் நுனியிலும் கயிறு கட்டி ஒவ்வொரு பற்றரியைத் தொங்கவிட்டேன். நாலைந்து நாளில் காய்கள் வடம் பிடித்ததுபோல் நேராய் இறங்கின. எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

இவர் வேலையால் வந்து, சைக்கிளைச் சாத்தாமலே நின்று பார்த்தார். "மங்கை, இது வடிவாயில்லை" என்றார். நான் என் நியாயத்தைச் சொன்னேன். வாய்க்கதையில் இவர் என்னை ஒருநாளும் வென்றதில்லை. அன்றைக்காவது வென்றிருக்கலாம்.

ரோந்தில் வருகிறவர்களில் ஒருவன் மற்றவர்களைப்போல் இல்லை, தோட்டத்தைத் தோட்டக்காரன் கண்ணால் பார்ப்பான். ஒருநாள் வேலியடியில் நின்று பந்தலைக் காட்டி, "பத்தோல" என்றான். சிங்களத்தில் புடலங்காய்க்கு அதுதான் பெயர். ஊரில் தன் தாயும் கல் கட்டுவாள் என்று பாதி சைகையிலும் பாதி உடைந்த தமிழிலும் சொன்னான். பிறகு பற்றரிகளைக் கண்டு அவன் முகம் மாறியது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கையை மேலிருந்து கீழே இரண்டு தரம் இறக்கிக் காட்டினான். நேராய் இறங்கியிருக்கிறது, நல்ல வேலை என்கிறான் என்று நான் தலையாட்டினேன். இறக்கிவிடு என்று சொல்லியிருக்கிறான். அது எனக்கு விளங்கியபோது அந்த அணி மாறிப் புது ஆட்கள் வந்திருந்தார்கள்.

இந்த ஆனி மாதம் என் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பத்து நாள் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. கெஸ்லர் தண்ணீர் ஊற்றினார். பதினோராம் நாள் சங்கத்துக்காரர் பார்வையிட வருகிற நாள். தடியூன்றிக்கொண்டு நான் போனேன். சாமான் தூக்க இவரும் வந்தார். இந்தத் தோட்டத்தை நாங்கள் எடுத்துப் பதினொரு வருடம். அதுவரை இவர் படலைக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. கொண்டுவந்து விட்டுவிட்டு, ரயில் பாதையைப் பார்த்தபடி வெளியே நிற்பார். அன்றைக்கு என் கால் ஒத்துழைக்காததால் உள்ளே வரவேண்டியதாயிற்று. குளிர் நாட்டில் புடலை வெளியில் காய்க்காது, அதற்கென்று ஒரு சிறு கண்ணாடி வீடு வைத்திருக்கிறேன். இவர் தண்ணீர்க் குழாயடியில் நிற்க, நான் போய்க் கதவைத் திறந்தேன்.

காய்களின் நுனியில் கயிறு. கயிற்றில் இரும்பு நட்டுகள், பெருவிரல் பருமனில், ஒவ்வொன்றாய்த் தொங்கின. கதவு திறந்த காற்றுக்கு எல்லாம் மெல்ல ஆடின. என்னால் ஒரு அடி முன்னால் வைக்க முடியவில்லை, பின்னாலும் வைக்க முடியவில்லை. வாயில் மணல் இருந்தது. உண்மையாகவே மணலின் ருசி இருந்தது.

அந்தப் புடலை வருடத்தில் ஒரு நாள், நிலாவெளி வீதிப் பக்கம் ஒரு வெடிச்சத்தம். காலை எட்டு மணி இருக்கும், இவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அடைபட்டது. வந்தவர்களில் ஒருவரும் எங்களுக்குத் தெரிந்த முகமில்லை. நாலு பேர் பின்வளவுக்குள் போனார்கள். ஒருவன் பந்தலுக்குக் கீழே போய், துவக்கு முனையால் இலையை விலக்கி மேலே பார்த்தான். அப்படியே நின்றான். பிறகு தான் வைத்த காலடிகளிலேயே காலை வைத்துப் பின்னால் வந்தான். வெளியே வந்துதான் கத்தினான். எங்கள் எல்லோரையும் மணலில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். மகள் எனக்குக் கீழே. பத்தோல, பத்தோல என்று சொல்ல நினைக்கிறேன், வாய்க்குள் மணல்தான் போகிறது.

அதிகாரி வீட்டுச் சுவருக்குப் பின்னால் நின்று தமிழில் கேட்டான், இதை யார் கட்டியது என்று. நான் தலையைத் தூக்கினேன். நான் என்று சொல்லத்தான் தூக்கினேன், இது சத்தியம். அதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"நான்தான் கட்டினனான். புடலங்காய்க்குப் பாரமாய்."

கட்டியவனே போய் அவிழ்க்கட்டும் என்றான் அதிகாரி. எல்லோரும் தூரத்துக்குப் போய்ப் பதுங்க, இவர் மட்டும் கைகளை உயர்த்திக்கொண்டு பந்தலுக்குள் போனார். ஒவ்வொன்றாய் இரண்டு கையாலும் ஏந்தி அவிழ்த்து, ஒரு சாக்கில் அடுக்கினார். பாரம் போனதும் காய் ஒரு விரற்கடை மேலே எழும்பி ஆடும். அது அடங்கும்வரை நின்றுவிட்டு அடுத்ததுக்குப் போவார். அவை செத்த பற்றரி என்று எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணை மூடினேன். பதினொன்று இருந்தன. அத்தோடு முடிந்திருக்கும். எத்தனை தரம் பற்றரி மாற்றினாய் என்று அதிகாரி கேட்டான். தனக்காகப் பொய் சொல்லத் தெரியாத மனிதன், மூன்று தரம் என்றார். மூன்று நாலு பன்னிரண்டு. மற்றது எங்கே? தெரியாது என்றார். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நடுவே நீளக் கம்பிகளால் நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. சாக்கையும் இவரையும் இவருடைய சைக்கிளையும் கொண்டுபோனார்கள்.

எந்த முகாம் என்று கண்டுபிடிக்கவே இரண்டு கிழமை. வாசலில் நிற்பேன், இல்லை என்பார்கள், அடுத்த நாளும் நிற்பேன். மூன்றாம் கிழமை ஒரு விடியல், பூசணியில் வண்டு என்று சாம்பல் அள்ளக் குழியில் கை வைத்தேன். ஊர் என்ன கதியில் இருந்தாலும் வண்டு வரும், பிள்ளைக்குச் சோறும் வேண்டும். கையில் கயிறு தட்டுப்பட்டது. இழுத்தால் அழுகிய காயின் நாரும், அதன் நுனியில் பன்னிரண்டாவது பற்றரியும் வந்தன. ஈ குத்தி விழுந்த காயொன்றை, பாரத்தையும் பாராமல், நானே வாரிப் புதைத்திருக்கிறேன். என் துப்புரவு.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்தேன். முகாம் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்குச் சரி, விடுவார்களா? எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். புதைத்திருந்தது என்று நான் சொல்ல வேண்டும். புதைத்தது நான் என்றும் சொல்ல வேண்டும். அப்புறம் மகளை யார் பார்ப்பது? இல்லை, பிள்ளையைச் சாட்டாமல் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். மீன் வாங்கப் போகிற பையில் போட்டுக் கடற்கரைக்குக் கொண்டுபோய், கரைவலைக்காரர் மறுபக்கம் பார்த்திருந்த நேரத்தில் அலைக்குள் எறிந்தேன். கடல் திருப்பித் தந்துவிடுமோ என்று ஒரு மாதம் தினமும் போய்க் கரையைப் பார்த்தேன்.

நாலு மாதத்தில் இவரை விட்டார்கள். ஒரு பின்னேரம் நடந்து வந்தார். இடது கை தோளுக்குமேல் எழும்பவில்லை, இன்றைக்கும் எழும்பாது. என்ன செய்தார்கள் என்று அவர் சொன்னதில்லை. தேத்தண்ணீரைக் கையில் வாங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டார், அது கிடைத்ததா என்று. என்னிடம் இருந்தது ஒரு சொல்தான், இல்லை என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அந்த இல்லையைக் கொண்டுதான் நாங்கள் கொழும்புக்கு வந்து, விமானம் ஏறி, இந்த நாட்டில் வந்து இறங்கினோம்.

கண்ணாடி வீட்டுக் கதவில் நான் நின்றதைக் கண்டு இவர் வந்தார். என் தோளுக்கு மேலால் பார்த்தார். பிறகு என்னை மெல்ல ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். அன்றைக்குப் போலவே இரண்டு கையாலும் ஏந்தி, ஒவ்வொன்றாய் அவிழ்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கெஸ்லர் கோப்பிப் போத்தலோடு வந்துவிட்டார். முகமெல்லாம் சந்தோசம். உங்கள் காய் ஏன் சுருளுது என்று இணையத்தில் தேடினேன், உங்கள் பக்கத்து ஆட்கள் இப்படித்தான் கட்டுகிறார்களாம், சுகமாகி வரும்போது ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கட்டினேன் என்றார். இவர் நேரே அவரிடம் போய், சட்டைப் பையிலிருந்த நட்டுகளை அவருடைய கையில் கொட்டி, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில் எண்ணச் சொன்னார். கெஸ்லர் சிரித்தார். வெறும் நட்டு, ஒன்றிரண்டு விழுந்தால் என்ன, நீங்களே வைத்திருங்கள் என்றார். இவர் சிரிக்கவில்லை, விலகவும் இல்லை. தயவுசெய்து எண்ணுங்கள் என்றார் மறுபடி. கெஸ்லர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் எண்ணினார், ஒன்பது. கட்டியதும் ஒன்பதா என்று இவர் கேட்டார். ஒன்பதுதான் என்றார் அவர். இவர் போய் வாங்குப் பலகையில் இருந்தார். நான் பிழையாய் ஏதும் செய்துவிட்டேனா என்று கெஸ்லர் என்னிடம் கேட்டார். சாம்பலுக்கும் நத்தைக்கும் எனக்கு ஜெர்மன் சொல் இருக்கிறது, இதற்கு இல்லை. பிழை உங்களுடையதல்ல என்று மட்டும் சொன்னேன். இனி உங்கள் செடியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த நல்ல மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

பத்து மணிக்குச் சங்கத்துக்காரர் இருவரும் வந்தார்கள். வேலியை அளந்தார்கள், எழுதினார்கள், இது என்ன காய் என்று கேட்டார்கள், நல்ல நாளாகட்டும் என்று சொல்லிப் போனார்கள். ஐந்து நிமிடம்கூட இல்லை. அவ்வளவு நேரமும் இவர் எழும்பி நின்றார், கை இரண்டும் வெளியே தெரியும்படி.

அவர்கள் போனதும் நான் வாங்கில் பக்கத்தில் போய் இருந்தேன். இனியும் சொல்லாவிட்டால் நான் மனிசியில்லை என்று தோன்றியது.

"பன்னிரண்டாவது என்ட கையில கிடைச்சது" என்றேன். "சாம்பல் குழியில. நான்தான் அழுகல் காயோட சேர்த்துப் புதைச்சிருக்கிறன்."

"எப்ப?"

"நீங்கள் போய் மூண்டாம் கிழமை. கடலில எறிஞ்சுபோட்டன்."

ஏசட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று இருந்தேன்.

"கடலிலயோ?"

"ஓம்."

"அப்ப வளவுக்குள்ள இல்லை."

"இல்லை."

இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முதலில் கோபம் என்று நினைத்தேன். கோபமில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்ச் சொன்னார். நாலு மாதமும் அவர்கள் கேட்டது அதை ஒன்றைத்தான். உன் வளவில் அது எப்போது கிடைத்தாலும் அங்கே இருக்கிறவர்களை வந்து கொண்டுபோவோம் என்று சொல்லித்தான் விட்டிருக்கிறார்கள். அதனால்தான் ரவி மண்வெட்டி போடக்கூடாது. யுத்தம் முடிந்ததும் பயம் போய்விடும் என்று பார்த்தாராம், போகவில்லை. ஒவ்வொரு தரம் தொலைபேசி மணி அடிக்கும்போதும், ரவி எங்கேயோ கிண்டிவிட்டான் என்றுதான் நெஞ்சு இடிக்குமாம். நானோ, பழைய நினைவு நோகும் என்று அந்த நிலத்தை விட்டுவைத்திருக்கிறார் என்று இத்தனை வருடமும் எனக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். கடலுக்குள் கிடக்கும் ஒரு செத்த பற்றரிக்காக ஒரு மனிதன் முப்பது வருடத்துக்குக் கிட்டப் பயந்திருக்கிறான். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என்னை நானே மன்னிக்கிற வழி எனக்குத் தெரியவில்லை, இவர் மன்னித்தாரா என்று கேட்கவும் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரவி எடுத்தான், வழமைபோல் என்னிடம் மருந்து கேட்கத்தான். இவர் தொலைபேசியைத் தன்னிடம் தரச் சொன்னார். பின்வளவைக் கிண்டலாம் என்றார். ரவி கேள்விமேல் கேள்வியாய்க் கேட்டான். என்ன போடலாம், எருவுக்கு எங்கே போகலாம், பந்தல் எந்தப் பக்கம் போடலாம். எல்லாவற்றுக்கும் இவரே பதில் சொன்னார். என்னிடம் கேட்காமலே சாம்பலும் வேப்பங்கொட்டையும் சிரட்டைத் துளசியும் சொன்னார். இவ்வளவும் இவர் எப்போது கவனித்தார்? கடைசியில் ரவி கேட்டான்.

"புடலைக்கு நுனியில என்னத்தைக் கட்டுறது அண்ணை? இஞ்ச மணலெல்லோ, கல்லு இல்லை."

இவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் கட்டாதை. வளையட்டும்."

கண்ணாடி வீட்டில் ஒரு காயை மட்டும் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறேன். மேலே வளைவு. நடுவில், கெஸ்லரின் நட்டு தொங்கிய பத்து நாளைக்கு ஒன்றரைச் சாண் நேர். அதற்குக் கீழே, இவர் அவிழ்த்த நாளிலிருந்து திரும்பவும் வளைவு. பழுத்துச் சிவந்ததும் விதை எடுக்கவேண்டும். பாதியைக் கடிதத்துக்குள் வைத்து உப்புவெளிக்கு அனுப்புவேன், பாதி அடுத்த வருடத்துக்கு இங்கே. ஒரே காயின் விதைதான். ஆனாலும் வளைந்த பக்கத்து விதை எந்த உறைக்கு, நேரான பக்கத்து விதை எந்த உறைக்கு என்று இவரைக் கேட்டேன், எனக்குத் தெரியாது, நீயே பார் என்று சொல்லிவிட்டார்.